கை வைத்தால் அடங்கும்

காசிமாயன் அந்தப் பழைய பஞ்சுக் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். ஆனையூர்க் கண்மாய்க் கரையை ஒட்டி ஒற்றையாய் நின்ற கட்டடம். கூரைத் தகரம் சூட்டில் விரிந்து டப், டப் என்று வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே காலை வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வர, முதலில் வேலை செய்தது மூக்குத்தான். பழம்பஞ்சு. வௌவால் எச்சம். அதற்கும் அடியில் ஏதோ தீய்ந்த வாடை.

மீசை முளைக்காத காலத்திலிருந்து மூட்டை சுமந்தவன் அவன். போன தை மாதம் முதுகில் ஏதோ படக்கென்றது. இனி பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதுகு போன சுமைகாரனும் அச்சு முறிந்த வண்டியும் ஒன்று. ஓரமாகத் தள்ளிவிட்டு ஊர் அதன் போக்கில் போகும். மிச்சம் இருந்தது கை மட்டும். பழங்காநத்தத்தில் ஒரு சின்னக் குழுவில், இரவல் பேஸ் கிடாரில் வாசித்துப் பழகிய கை. விஸ்வேஸ்வரனின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் வேண்டுமாம் என்று டிரம் வாசிக்கும் விருமாண்டி வந்து சொன்ன அன்று, காசிமாயனின் பெண்டாட்டி ஜெயக்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான்.

"வாப்பா காசி. இதான் நம்ம சரக்கு" என்றார் விஸ்வேஸ்வரன். ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா, குழு அவருடையது, ஆர்கன் வாசிப்பார். இடுப்பு உயரத்துக்கு நின்ற கறுப்பு ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "வால்வு செட்டு. பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர். ஒரு தட்டு தட்டினா கடைசி வரிசைக்காரன் வயித்துல போய் இடிக்கும்."

"இடிச்சு என்னத்துக்கு சார்? பேஸ் வாசிக்கிறவன எவன் பாக்குறான்?" என்று சிரித்தான் விருமாண்டி. "வாசிக்கிறப்ப கேக்காது மாப்ள. நிறுத்துனாத்தான், என்னமோ கொறையுதேன்னு திரும்பிப் பாப்பாய்ங்க."

பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வு சூடேறச் சூடேற, மூடிய பானைக்குள் வண்டு சுற்றுவதுபோல ஓர் இரைச்சல் எழுந்தது.

ம்ம்ம்ம்ம்.

காசிமாயன் கிடாரைக் கையில் எடுத்துக் கம்பியைத் தொட்டான். இரைச்சல் அடங்கியது. கையை எடுத்தான். வந்தது. வைத்தான். போனது.

"எல்லா கிடாருக்கும் உள்ள சீக்குதான். ஆள் கை பட்டா அடங்கிரும்" என்றார் விஸ்வேஸ்வரன்.

மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தது. காசிமாயன் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "எர்த் குடுத்தா இதுக்கு மேல கொர்ருங்குது. அதான் கழட்டிட்டேன். எந்தக் குழுவுல எர்த் வச்சிருக்காய்ங்க சொல்லு?"

"முன்ன வாசிச்சவரு எங்க சார்?"

"நல்லகாமனா? சவுதிக்குப் போயிட்டான்."

விருமாண்டி ஏற்கெனவே முறுக்கியிருந்த ஒரு திருகாணியைக் குனிந்து மறுபடி முறுக்கினான்.

அன்று வாசிப்பு முடிந்து அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். காசிமாயன் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டான். முதுகுக்குப் பின்னால் ஆம்ப் இரைந்துகொண்டிருந்தது.

இரைச்சல் நின்றது.

கரண்டு போய்விட்டது என்று நினைத்துத் திரும்பினான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிடார் சாய்த்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் அது, கை வைத்து அடக்கிய அமைதி. வாசிக்கிறவனுக்கு அது தெரியும்.

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். சட்டென்று கையை எடுத்ததுபோல இரைச்சல் திரும்ப வந்தது.

ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? வேறு வேலை இருக்கிறதா?

மறுவாரம் கம்பிகளைக் கழற்றி வேகவைத்தார்கள். பேஸ் கம்பி மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும், யானை விலை. அதனால் சத்தம் மழுங்கிப்போன கம்பியைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டால், அதில் ஏறிய கை அழுக்கும் வேர்வையும் போய் மறுபடி கணீரென்று பேசும். எல்லாக் குழுவிலும் செய்கிற வேலைதான். கிட்டங்கி வாசலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பழைய ஈயச் சட்டியில் நாலு கம்பியையும் சுருட்டிப் போட்டான் விருமாண்டி.

"மாப்ள, நீ அந்த மிதிக்கிற பெட்டிய வாசிச்சுப் பாத்தியா? மிதிச்சா கிடார் எருமை மாதிரி கத்தும்."

"பேஸுக்கு எதுக்குய்யா அது? கத்துறதுக்கு வேற ஆளு இருக்கு. நம்ம வேலை தாங்குறது."

"மூட்டை தூக்குனவன் புத்தி போகுதா பாரு!" என்று சிரித்தவன் பாதியில் நிறுத்தினான்.

தண்ணீர் கொதித்தது. வாடை வந்தது. வேர்வை வாடை இல்லை. கிடாய் வெட்டின வீட்டில் தலையையும் காலையும் தீயில் வாட்டுவார்களே, அந்த வாடை. தண்ணீரின் மேல் ஏதோ படலமாய்த் திரண்டது. தோல் மாதிரி.

காசிமாயன் விருமாண்டியின் முகத்தைப் பார்த்தான்.

"அவன் சவுதிக்குப் போகல, மாப்ள."

"தெரியும். சொல்லு."

அழகர்கோவில் போகிற வழியில் ஓர் ஊர்த் திருவிழா. கூடப் பாடுகிறவன் வரவில்லை என்று, நல்லகாமனையே வாசித்துக்கொண்டு மைக்கில் பாடச் சொன்னார்கள். கையில் கம்பி. உதடு மைக்கில் பட்டது. மைக் செட்டுக்கு எர்த் இருந்தது, ஆம்புக்கு இல்லை.

"மொத்தக் கரண்டும் அவன் வழியா போச்சு. நாங்க ஆடுறான்னு நெனச்சோம். சனம் விசிலடிச்சுச்சு" என்றான் விருமாண்டி. "கரண்டை நிறுத்தின பெறகும் அவன் கை விடல மாப்ள. இடது கை. கிடார் கழுத்த இறுக்கிப் பிடிச்சது பிடிச்சபடி. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன்."

"என்னைய ஏன்டா கூட்டியாந்த?"

"உன் பெஞ்சாதி எங்க வீட்டுல வந்து அரிசி கேட்டுச்சுடா."

மறுநாள் காசிமாயன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, முதுகு வலியோடு கிட்டங்கிக்குப் பின்னால் குழி தோண்டினான். கரியும் உப்பும் போட்டுத் தகட்டைப் புதைத்துக் கம்பி இழுத்தான். மூன்று கால் பிளக் மாட்டினான். கழற்றிய பழைய பிளக்கை விஸ்வேஸ்வரன் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஆம்ப் அப்படியே கொர்ரென்று இரைந்தது. காசிமாயனுக்கு அந்தச் சத்தம் காதுக்குத் தேனாக இருந்தது.

யாரும் தொடாமலே அது அடங்கும்வரை.

கச்சேரி வந்தது. பொழுது சாய்ந்து விளக்குப் போடும் நேரம். ஊர் மந்தைத் திடலில் மேடை, எதிரே பாய் விரித்துச் சனம். பக்கத்தில் மாமரத்தடியில் ஜெனரேட்டர் புகைந்தது. மைக்கை மட்டும் தொடக்கூடாது என்று அவனுக்குள் முடிவு. மைக் ஸ்டாண்டைத் தூரத் தள்ளிவிட்டுத்தான் நின்றான். ஆம்ப் சுத்தமாக, இரைச்சலே இல்லாமல் இருப்பது அவனுக்கு வித்தியாசமாகப் பட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை, பாட்டு தொடங்கிவிட்டது.

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவது பாட்டில் விரல் தானாக ஓடியது. அவன் பழகாத இடத்துக்கெல்லாம் போனது. முன்வரிசையில் ஒருவன் அவனைக் கைகாட்டிச் சிரித்தான். பேஸ் வாசிக்கிறவனை ஊர் பார்த்தது.

இது என் கை இல்லை.

இடது கை விரல்களின் மேல் இன்னொரு கை படிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. சூடு தெரிந்தது.

கால் நகர்ந்தது. மைக் ஸ்டாண்டின் பக்கம்.

வேண்டாம் என்று கத்த நினைத்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திறந்த வாய் அப்படியே மைக்கை நோக்கிக் குனிந்தது. மூட்டைக்குக் குனிந்த கழுத்து. கீழே அழுத்தினால் குனியத்தான் தெரியும் அதற்கு.

உதட்டில் இரும்பின் குளிர்ச்சி பட்டது.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது மேடைப் பலகை. விருமாண்டி குச்சியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கியிருந்தான். அவன் கையில் இருந்த பிளக்கில் இரண்டு கால்தான் இருந்தது.

"ரொம்ப இரைஞ்சதுப்பா... இன்னிக்கு ஒருநாள்தானேன்னு..." என்றார் விஸ்வேஸ்வரன்.

காசிமாயனுக்கு உயிர் இருந்தது. இடது கை திறக்கவில்லை. விருமாண்டிதான் கிடாரின் கழுத்தை உருவி எடுத்தான். கை, உள்ளே கிடார் இருப்பதுபோலவே மூடி நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நரம்பு என்றார்கள். எண்ணெய்க்காரர் உருவிவிட்டார். கோடாங்கி வேப்பிலை அடித்தார். கை மூடியபடியே இருந்தது. முதுகும் இல்லை, கையும் இல்லை. ஜெயக்கொடி சித்தாள் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் மத்தியானம் வண்டியில் கிடாரும் ஆம்பும் வந்து இறங்கின. "சார் ஒங்ககிட்டயே இருக்கட்டும்னாரு" என்று வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு வண்டிக்காரன் போய்விட்டான். குழுவைக் கலைத்துவிட்டாராம். பஞ்சு மூட்டையை முதுகில் ஏற்றிப் படி ஏறியவனால் அந்தப் பெட்டியை வாசலைத் தாண்டி வெளியே நகர்த்த முடியவில்லை. தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரனும் விஷயம் தெரிந்து கையை உதறிக்கொண்டு போனான். பெட்டி உள்ளேயே நின்றது.

அன்றைக்கு அந்தியில் தெரு முழுக்கக் கரண்டு போனது. ஜெயக்கொடி சிமினி விளக்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ம்ம்ம்ம்ம்.

"ஏங்க..." அவள் குரல் கிசுகிசுத்தது. "கரண்டு இல்லையேங்க."

பிளக் தரையில் கிடந்தது. காசிமாயன் நகர்ந்து போய், வாசிக்கிறவன் செய்கிற வேலையைச் செய்தான். வலது கையைக் கம்பியில் வைத்தான்.

அடங்கவில்லை.

அழுத்தி வைத்தான். மூடிய முஷ்டியையும் வைத்தான். அடங்கவில்லை. அவன் கையை அது கையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒண்டினான். ஜெயக்கொடி வந்து அவன் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே, இருட்டில், இரைச்சல் சட்டென்று அடங்கியது.

மூடிக்கிடந்த காசிமாயனின் இடது கைக்குள், யாரோ விரலை மெல்ல மாற்றிப் பிடித்தார்கள்.