சிவப்பு டேப் சுற்றிய வயர்

பேஸ் கித்தார் வாசிப்பவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. பாடகியைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரனைப் பார்ப்பார்கள், ஓரத்தில் நிற்கும் நெட்டையனைப் புகைப்படத்தில் பாதியாக வெட்டிவிடுவார்கள். அவன் வாசிப்பதை நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று நாலு பேர் தலையைத் திருப்புவார்கள். பத்தொன்பது வருடமாக இதே பிழைப்பில் இருக்கும் ஒட்டடைக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒட்டடைக்குச்சி போல ஒல்லியும் உயரமுமாக இருந்ததால் வந்த பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அது எப்பேர்ப்பட்ட சௌகரியம் என்பதை நாலு வருடத்துக்கு முன்னால் இதே அரங்கத்தில்தான் அவன் தெரிந்துகொண்டான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேன் அரங்கத்தின் பின்வாசலில் வந்து நின்றது. ஒட்டடை முதலில் ஆம்ப்ளிபயரை இறக்கினான். முப்பது கிலோ. ஒவ்வொரு கச்சேரிக்கும் இடுப்பைக் கேட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். பிறகு கித்தார் பெட்டி, வயர் பை, உதிரிக் கம்பிகள், காதில் வைக்கும் பஞ்சு. அவன் தங்கை தன் கித்தாரை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். மாலையில் அவளுடைய கச்சேரி. அடுத்தவர் பாட்டைப் பாடிப் பாடியே ஆறு வருடம் ஓட்டியவள், இன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொந்தப் பாட்டுகளைப் பாடப்போகிறாள். எல்லாவற்றையும் பதிவு செய்து வெளியிடுவதாக ஏற்பாடு. 'இந்த அரங்கம் வேண்டாம்' என்று ஒட்டடை மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். ஏன் என்று அவள் கேட்டபோது பேச்சை மாற்றினான். வேறு இடம் கிடைக்கவில்லை.

பின்வாசலில் காவலாளி எழுந்து நின்றார். நரைத்த தலை, கையில் டார்ச்.

"வாங்க சார். நாலு வருஷமாச்சு உங்களப் பாத்து. படி வழுக்கும், பாத்து வைங்க."

ஒட்டடை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே நுழைந்தான்.

"யாருண்ணா அவரு? உன்னைத் தெரிஞ்ச மாதிரி பேசுறாரு."

"இங்க எலெக்ட்ரீஷியனா இருந்தவரு."

"அப்புறம் ஏன் கேட்ல உக்காந்திருக்காரு?"

"அந்த வேலை போயிடுச்சு," என்றான். எப்படிப் போனது என்று அவள் கேட்பதற்குள் நடையை வேகமாக்கினான்.

உள்ளே பகல் என்பதே தெரியவில்லை. ஜன்னல் இல்லாத கூடம். மேடையில் மட்டும் மங்கலாக ஒரு விளக்கு. பழைய திரைச்சீலையின் ஈர வாடையோடு, சூடான விளக்கில் தூசி கருகும் நெடியும் கலந்து வந்தது. கூடத்தின் கடைசியில், தன் மேசைக்குப் பின்னால் சவுண்ட்காரர் உட்கார்ந்திருந்தார். நல்ல வேலைக்காரர். மைக் திறந்த நொடியிலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுவார். சரிபார்க்கும்போது பாடுவதுதான் சில சமயம் கச்சேரியைவிட நன்றாக வரும் என்பது அவர் கொள்கை.

மேடையில் ஒட்டடை நிற்கும் இடத்தில் ஒரு மைக் இருந்தது.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்னு நினைச்சேன் சார். நான் வரும்போதே அங்க இருந்துச்சு."

ஒட்டடை ஒரு நாளும் மேடையில் பாடியதில்லை. அவனுக்கு யாரும் மைக் வைப்பதும் இல்லை. ஆனால் இந்த மைக் சரியாக அவன் உதட்டு உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அந்த உயரத்துக்கு ஏற்றினால் வேறு யாரும் அதில் பாட முடியாது.

அவனை மைக் பக்கம் இழுக்கப் பார்த்தவன் ஒருவன்தான். பல்லன். பதினொரு வருடம் கூடவே வாசித்தவன். கித்தாரும் இரண்டாம் குரலும் அவனுடையவை. பாடகர் எதைப் பாடினாலும் அதற்கு மேலே ஒரு குரலைக் கொண்டுபோய் ஒட்டவைப்பான். முன்பல் இரண்டும் மைக்கில் டொக்கென்று இடிக்கும். "ஒரு நாளாவது மைக்குல வாயத் திறடா ஒட்டடை," என்று ஒவ்வொரு கச்சேரியிலும் கிண்டல் செய்வான்.

ஒட்டடை அந்த மைக்கைத் தூக்கித் திரைக்குப் பின்னால் வைத்தான். ஆம்ப்ளிபயரைச் சுவரில் செருகினான். தங்கையின் ஆம்ப்ளிபயரையும் அவனே பக்கத்துச் சாக்கெட்டில் செருகினான். இரண்டு பிளக்கையும் குனிந்து, தொட்டுப் பார்த்து, மூன்று பின்னும் முழுசாக இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் எழுந்தான். நாலு வருடமாக அவனுக்கு இருக்கும் பழக்கம் அது.

ஆம்ப்ளிபயரைப் போட்டதும் முனகல் தொடங்கியது.

ம்ம்ம்ம்ம்.

மின்சாரத்தின் முனகல் எல்லா மேடையிலும் வருவதுதான். பேஸ் வாசிப்பவனுக்கு அது பழகிய எதிரி. ஒட்டடை கித்தாரின் வயரைப் பிடுங்கினான். முனகல் போகவில்லை. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தான். போகவில்லை. ஆம்ப்ளிபயரையே அணைத்தான், அதன் சிவப்பு விளக்கு மங்கி இறந்தது.

முனகல் மட்டும் இருந்தது.

"சார், ரெக்கார்டிங்ல விழுது," என்று தூரத்திலிருந்து சவுண்ட்காரர் குரல் கொடுத்தார். "எர்த்தை எடுத்துட்டா போயிடும். ஒரு நிமிஷ வேலை. எடுத்துடட்டுமா?"

"எர்த்துல கை வச்சீங்க, கைய ஒடச்சிடுவேன்!"

தங்கை திடுக்கிட்டுத் திரும்பினாள். அண்ணன் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

ஒரு நிமிஷ வேலை. இதே வார்த்தையைத்தான் நாலு வருடத்துக்கு முன்னால் ஒட்டடை சொன்னான். அன்றும் பகல். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பல்லனின் பழைய ஆம்ப்ளிபயர் முனகிக்கொண்டே இருந்தது. ஒட்டடை தன் பையிலிருந்து முழ நீள எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதன் எர்த் பின்னை அவனே ரம்பத்தால் அறுத்திருந்தான். நல்ல வயரோடு கலந்துவிடக் கூடாது என்று சிவப்பு டேப் சுற்றியிருந்தான். பழைய ஆட்கள் பலரிடமும் இப்படி ஒன்று இருக்கும். எர்த் இல்லாவிட்டால் முனகல் போய்விடும். ஆனால் ஆம்ப்ளிபயருக்குள் எங்காவது மின்கசிவு இருந்தால், அது போக வழியில்லாமல் கித்தார் கம்பியில் வந்து நிற்கும். கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் நடுவில் இருக்கும் உடம்புதான் வயர். எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

அந்த வயரைச் செருகியதும் முனகல் நின்றது. பல்லன் சிரித்துக்கொண்டே கம்பியில் கை வைத்து, மைக்கில் உதட்டை வைத்தான். மூன்று தடவை சொல்வது அவன் வழக்கம்.

"செக்... செக்..."

மூன்றாவது வரவில்லை.

மற்றவர்கள் ஓடிவந்தபோது சுவரில் சிவப்பு டேப் சுற்றிய வயர் இல்லை. அரங்கத்தின் எர்த் சரியில்லை என்று முடிவு கட்டினார்கள். எலெக்ட்ரீஷியனைக் குற்றவாளியாக நிறுத்தினார்கள். ஒட்டடை ஓரமாக நின்றான். வழக்கம்போல யாரும் அவனைப் பார்க்கவில்லை. பல்லன் விழுந்ததற்கும் ஆட்கள் வந்ததற்கும் இடையில் என்ன நடந்தது என்பதை அவன் தனக்குத்தானே கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

"அண்ணா, சத்தம் கிடக்கட்டும். நான் ஒரு தடவை பாடிப் பாத்துடுறேன்," என்றாள் தங்கை.

அவள் பாடத் தொடங்கினாள். மெதுவான பாட்டு. ஒட்டடை ஆம்ப்ளிபயரை மறுபடி போட்டுக்கொண்டு அடியில் நாலு சுரங்களைப் பிடித்தான். இரண்டாவது வரியில் அவள் குரலுக்கு மேலே இன்னொரு குரல் வந்து ஒட்டியது.

சுருதி பிசகாமல். பல்லிடுக்கில் காற்று வழிய.

அவள் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் மலர்ச்சி. "நீ பாடுவியாண்ணா? இத்தனை நாள் ஏன் சொல்லல?"

ஒட்டடையின் உதடு இறுக மூடியிருந்தது. அவனுக்கு முன்னால், அவன் உதட்டு உயரத்தில், அந்த மைக் நின்றுகொண்டிருந்தது.

கருகும் வாடை இப்போது தூசியினுடையதாக இல்லை.

முனகல் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தான். சுத்தமான அமைதி. முனகல் ஏன் நிற்கும்?

தங்கையின் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அவளுடைய பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் முழ நீளத்தில் ஒரு வயர் இருந்தது. சிவப்பு டேப்.

அவள் கம்பியில் கை வைத்து மைக்கை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தாள்.

"வேண்டாம்!"

மறுபடி பாடுவதற்காக, தன் குரலைக் கேட்கும் கருவியை அதற்குள் காதில் மாட்டியிருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. ஒட்டடை சுவரில் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். உதட்டுக்கும் மைக்குக்கும் விரல் தடிமன்கூட இடைவெளி இல்லை. பிடுங்கிய வயரைத் திருப்பிப் பார்த்தான். அறுத்த பின்னில் அவன் ரம்பம் வழுக்கிய கீறல் அப்படியே இருந்தது.

"யார் இதை மாட்டினது?"

"நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்ல சார்," என்றார் சவுண்ட்காரர்.

ஒட்டடை அதை மேடை ஓரத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தான். தங்கையின் பிளக்கை நேரடியாகச் சுவரில் செருகினான். நிமிர்ந்து, திரும்பிப் பார்த்தான்.

சுவரில் சிவப்பு டேப்.

தொட்டி காலி.

தங்கை கித்தாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள். "அண்ணா, என்ன நடக்குது? எனக்குப் பயமா இருக்கு. இன்னிக்குப் பாடணுமா, வேணாமா? அதையாவது சொல்லு."

ஆறு வருடக் காத்திருப்பு அந்தக் கண்ணில் நின்றது. யார் செய்த தப்புக்கு யார் பலியாவது? ஒட்டடை அவளை மேடைப் படிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தன் கித்தாரை மாட்டிக்கொண்டான். தன் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் என்ன வயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. இருந்தால் இருக்கட்டும். கம்பியை இறுகப் பிடித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக மைக்கில் உதட்டை வைத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. அவன் மூச்சு மட்டும் கூடமெங்கும் கேட்டது.

"அன்னிக்கு எர்த்துல எந்தக் கோளாறும் இல்ல," என்றான். "எலெக்ட்ரீஷியன் மேல எந்தத் தப்பும் இல்ல. பின்னை அறுத்த வயரைக் குடுத்தது நான். அதை மறைச்சதும் நான். பல்லன் செத்தது என்னால. நாலு வருஷமா வாயத் திறக்கல. அவ்வளவுதான்."

கூடத்தின் கதவருகே டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. காவலாளி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மெல்ல நடந்து மேடைக்குக் கீழே வந்தார். கோபப்பட்டிருந்தால் ஒட்டடைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்கப்பா ஆளைக் கொன்னவராமேன்னு பள்ளிக்கூடத்துல கேட்டாங்கன்னு என் பொண்ணு அழுதுச்சு சார். நானே ஒரு கட்டத்துல நம்ப ஆரம்பிச்சுட்டேன். எங்கயோ ஒரு வயரை சரியா முறுக்கலையோன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன். நாளைக்கே வர்றேன்."

"நாளைக்கு நீங்க மாத்திச் சொன்னா?"

"எல்லாம் பதிவாயிருக்கு," என்றார் சவுண்ட்காரர். "போடுறேன், கேளுங்க."

தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் செய்தது தப்பு, ஆனாலும் இவ்வளவையும் சொல்லிவிட்டானே என்று அவள் பிடியிலேயே தெரிந்தது. ஒட்டடைக்கு உடம்பு லேசானது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் செத்துப் பிழைத்தோம் என்று நினைத்தான்.

ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. *அன்னிக்கு எர்த்துல எந்தக் கோளாறும் இல்ல.*

அதோடு ஒட்டி, கொஞ்சம் மேலே, இன்னொரு குரல். அதே வார்த்தைகள். ஆனால் அவன் சொல்வதற்கு அரை நொடி முன்னால், பாடம் சொல்லிக் கொடுப்பவனைப் போல.

*எலெக்ட்ரீஷியன் மேல எந்தத் தப்பும் இல்ல.*

காவலாளியின் டார்ச் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது.

*அவ்வளவுதான்* என்று ஒட்டடையின் குரல் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மற்றக் குரல் சொல்லவில்லை. அது தொடர்ந்தது.

*விழுந்தப்ப எனக்கு மூச்சு இருந்துச்சு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஒட்டடை என்னைப் பாத்தான். வயரைப் பிடுங்கினான். சுருட்டினான். பின்வாசல் வரைக்கும் நடந்தான். சாக்கடையில போட்டான். திரும்பி வந்தான். என் மூக்குல விரல் வச்சுப் பாத்தான். அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டான்.*

பதிவு முடிந்தது.

தங்கையின் கை அவன் கையிலிருந்து மெல்ல விலகியது.

"அண்ணா... இது பொய்தானே? பொய்னு சொல்லு."

ஒட்டடை வாயைத் திறந்தான். மைக் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டான்.

சவுண்ட்காரர் எல்லாவற்றையும் அணைத்தார். மேசை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மெயின் சுவிட்சையும் இறக்கினார். மேடை விளக்கு போய், காவலாளியின் டார்ச் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அது ஒட்டடையின் முகத்தின் மேல் விழுந்திருந்தது.

மின்சாரம் இல்லாத அந்த ஸ்பீக்கரில், மைக்கில் பல் இடிக்கும் சத்தம் கேட்டது.

டொக்.

பிறகு, நாலு வருடமாக வராமலிருந்த அந்த மூன்றாவது.

"செக்."