பெல்ட் கழற்றிய மெஷின்

“பெல்ட்டக் கழத்தி வச்சது நாந்தான், பிறகு மெஷினு எப்படி—”

“நானும் அதத்தான் கேக்கேன் அண்ணாச்சி, பெல்ட் இல்லாம மீட்டர் எப்படி—”

“ஏலே ரோச், முதல்ல ஒன் கண்ண ஆஸ்பத்திரியில காட்டு.”

சொல்லிவிட்டு மேஸ்திரி ஆறுமுகநயினார் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை மாலை ரோச் மறுபடியும் மீட்டரைப் பார்த்தான். நூற்ற கணக்கு ஏறித்தான் இருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய அந்த நூல் மில்லில், ஒவ்வொரு மெஷினும் எவ்வளவு நூற்றது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று மீட்டர் பார்த்துச் சொல்வது அவன் வேலை. உலகச் சண்டைக் காலம். மெஷின் சும்மா நிற்பது மேனேஜருக்குப் பொறுக்காது. காய்ச்சலோடு நூற்ற சீனித்தாய் அங்கேயே சரிந்து செத்தபோதுகூட, அவளைத் தூக்கிப் போன பிறகுதான் நிறுத்தினார்கள். பதினாறாம் நாள் காரியம் கழியும்வரை அந்த மெஷினில் வேறு கை படக்கூடாது. செத்தவளுக்கு மில்லில் அதுதான் மரியாதை. அதற்காகத்தான் மேஸ்திரி பெல்ட்டைக் கழற்றினார். மேலே தொங்கிய பஞ்சுத் திரியும் தீர்ந்து வெறுங்கட்டைதான் மிச்சம். அப்படியானால் எதை நூற்கிறது?

மேனேஜர் மீட்டரில் ஏறிய எண்ணை மட்டும் பார்த்தார். மில்லிலேயே நல்ல மெஷின் இதுதான், பதினாறாவது மண்ணாவது, திங்கட்கிழமை கைதேர்ந்தவளை அங்கே போடு என்றார். கைதேர்ந்தவள் ரோச்சின் மனைவி அமலோற்பவம்.

போகாதே என்று ரோச் மன்றாடினான். சீனித்தாய் உயிரோடு இருக்கையிலேயே வாய் பேசாதவள், செத்தபிறகா என்னை மிரட்டப்போகிறாள் என்று அவள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மெஷினைத் துடைத்து வைக்கப் போனவள், சோற்று நேரத்துக்கும் திரும்பவில்லை.

ரோச் தேடிப் போனான். உப்புக்காற்று கூரைத் தகரத்தை உரசிக்கொண்டிருக்க, எண்ணெய்ச் சிக்கும் ஈரப் பஞ்சும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, ஓய்ந்து தொங்கும் பெல்ட்டுகளின் நிழல்களுக்கிடையே அவன் நடக்க நடக்க, எங்கோ எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கிய ரீங்காரம் அவன் பல்லுக்குள் வந்து நின்றது.

எஞ்சின் ஓடவில்லை. சீனித்தாயின் மெஷினடியில் பெல்ட் சுருண்டு கிடந்தது.

நூல் முறுக்கும் கதிர்கள் சுற்றின.

அமலோற்பவம் முதுகு காட்டி நின்றாள். நெற்றி மெஷின்மேல் சாய்ந்திருந்தது. அசைவில்லை. கோயிலுக்குப் போகும்போது அவன் கண்முன் முடிந்த கொண்டையைக் காணோம். முதுகிலும் முடி இல்லை. உருளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. மெல்ல. ஒழுங்காக. இழை இழையாக.

பாபின்கள் கறுப்பாக நிறைந்தன.

“ஏளா,” என்றான் ரோச். “ஒன் கொண்டைய யாரு அவுத்துவிட்டா?”