மூடி மாறிய தட்டு

"ஐயோ! கதவைத் திறந்துட்டீங்களா?"

அவள் கத்திய கத்தலில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. செல்களை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் முன்னால், ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்ற மெஷின் ரிப்பேர்க்காரன் திருதிருவென்று விழித்தான். என்ன கண்களடா சாமி... ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையின் வெளிச்சம் மொத்தமும் அதில்தான் இருந்தது.

"சூடு ஏறுதுன்னு அலாரம் அடிச்சுது மேடம்..."

"அடிச்சா? என்னைக் கூப்பிட வாய் இல்லையா?"

"இருக்கு மேடம். ஆனா இவ்வளவு பெருசா இல்லை."

யாரோ களுக்கென்று சிரிக்க, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? நான்கு மாத உழைப்பு! தூண்டிவிட்டால் கண்மண் தெரியாமல் பெருகும் நோய் எதிர்ப்புச் செல்களை, எலும்பு மஜ்ஜையில் எடுத்த ஸ்டெம் செல்கள் அடக்குமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இன்குபேட்டருக்குள் இருந்த குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டின் இடப்பக்கக் குழிகளில் இரண்டும் சேர்ந்து, வலப்பக்கத்தில் எதிர்ப்புச் செல்கள் மட்டும்.

மூன்றாம் நாள் செல்களை எண்ணிப் பார்த்தால்... எல்லாம் தலைகீழ்! அடங்க வேண்டிய பக்கம் ஆட்டம் போட்டிருந்தது. தனியாக விட்ட பக்கம் சாதுவாகக் கிடந்தது.

"எல்லாம் அந்த ஆளால!" பொருமிக்கொண்டே துறைத் தலைவிக்குப் புகார் எழுதினாள். திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு வேறு கட்டடம் என்று செய்தி வந்தது. ஏனோ அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

போனில் அக்கா சிரித்தாள். "ஏண்டி, திட்டித் தீத்தாச்சுல்ல? அப்புறம் எதுக்கு மூணு நாளா அவன் கண்ணைப் பத்தியே பேசுற?"

"நான் எங்க பேசினேன்!"

வெள்ளிக்கிழமை, தட்டைத் தூக்கி எறியுமுன் மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தாள். திக்கென்றது. வலப்பக்கக் குழிகளின் அடியில் நீள நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தன ஸ்டெம் செல்கள்! எந்தப் பக்கம் எது என்ற அடையாளத்தை மூடியில் மட்டும் எழுதியிருக்கிறாள். செல்களுக்குத் தீனி மாற்றியபோது மூடியை இடம் வலமாகத் திருப்பிப் போட்டவளும் அவளேதான். சோதனை ஜெயித்துவிட்டது... ஆனால் ஒரு பாவமும் அறியாதவன் தலையில் பழியைப் போட்டுவிட்டோமே!

மன்னிப்பா? நானா? ஒரு மணி நேரம் ரோஷத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத் தலைவியின் அறைக்குப் போனாள்.

"தப்பு என்னோடதுதான். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதை அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேனே! வேற கட்டடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேட்டது அவரேதான்மா."

அவள் ஓடினாள். வாசலில், கருவிப் பெட்டியோடு மழை விடக் காத்திருந்தான் அவன்.

"மூடியை நான்தான் மாத்திப் போட்டேன். சாரி..." மூச்சு வாங்கியது. "நீங்க ஏன் போறீங்க?"

"மத்தவங்க முறைச்சா எனக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க முறைச்சா... சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"இப்ப முறைக்கலையே..."

"போகாதேன்னு சொல்லுங்க. இருக்கேன்."

அவள் தரையைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். கடைசியில் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"போகாதீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. திரும்பி முழிச்சீங்களே, அப்பவே பிடிச்சுப் போச்சு... அந்தப் பயத்துலதான் அதுக்கப்புறமும் அவ்வளவு கத்தினேன்!"