இரைச்சல் இல்லாத டேக்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பட்டப்பகலில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

மாடி அறையில் பாட்டுப் பதிவு செய்கிற ஒருவனின் வீட்டுக்கு, மழை விட்ட ஒரு பிற்பகலில், செத்துப்போன அவன் தம்பியின் மனைவி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"மாமா, அவர் கடைசியா வாசிச்சது இருக்குமே, அத மட்டும் குடுங்க. அப்பா சத்தத்தக் கேக்கணும்னு பாப்பா அழுவுறா."

"அதுவா? கம்ப்யூட்டர் அன்னிக்கே போயிடுச்சும்மா. எல்லாம் அழிஞ்சுது."

அவள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "அது அவரோடது மாமா. யாரு வச்சிருந்தாலும் அவரே வந்து வாங்கிக்குவாரு."

அழியவில்லை. அதைத் தன் பாட்டாக வெளியிடத்தான் அண்ணன் காத்திருந்தான்.

தம்பி வாசித்ததைக் கிட்டாரிலிருந்து நேரே கம்ப்யூட்டருக்குள் பிடித்திருந்தார்கள். அப்படிப் பிடித்தால் வெறும் கம்பிச் சத்தம்தான். உப்புப் போடாத சாப்பாடு. அதைத் திரும்ப வெளியே அனுப்பி, காலால் மிதிக்கும் பெடல்கள் வழியாக ஆம்ப் பெட்டியில் அலறவிட்டு, எதிரே மைக் வைத்து மறுபடி பதிய வேண்டும். ரீஆம்ப் என்பார்கள். வாசித்தவன் இல்லாமலே அவன் விரல்களை வேலை வாங்கலாம்.

தம்பி எப்படிச் செத்தான் என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அன்று, வாசிக்கும்போதே கேட்பதற்காகக் கிட்டாரில் மாட்டியிருந்த ஆம்ப் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. எரிச்சலில் அண்ணன் பிளக்கைத் திறந்து எர்த் வயரை வெட்டிவிட்டான். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர் அது.

"இப்ப இரைச்சல் போச்சு பாரு!"

"அண்ணா, கம்பியத் தொட்டா சுள்ளுங்குதுண்ணா."

"ஒரு டேக் தானேடா. சாகவா போற? வாசி."

வாசித்து முடித்த தம்பி, ஒரு கை கம்பியில் இருக்க, மறுகையால் மைக் ஸ்டாண்டை நகர்த்தினான். அவ்வளவுதான். மண்ணுக்கு வழி தேடிய மின்சாரம் அவன் உடம்பு வழியாகவே பாய்ந்தது. ஆட்கள் கூடுவதற்குள் அண்ணன் வயரைப் பழையபடி மாட்டிவிட்டான். மாரடைப்பு என்றே எல்லோரும் நம்பினார்கள்.

அவள் போனதும் அவன் மாடியேறிக் கதவைச் சாத்தினான். பதிவைத் தொடங்கினான். தம்பியின் கிட்டார் ஆம்பிலிருந்து எழுந்தது.

கூடவே அந்த இரைச்சலும்.

எர்த் வயர் சரியாகத்தான் இருந்தது. பெடல்களை ஒவ்வொன்றாக மிதித்து அணைத்தான். குறையவில்லை. ரப்பர் கருகும் நாற்றம் மெல்லப் பரவியது. பாட்டு முடிந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஓடிய கோடு நின்றது.

வாசிப்பு நிற்கவில்லை.

கேபிளைப் பிடுங்கினான்.

நிற்கவில்லை.

"அண்ணா," என்றது ஆம்ப், மெல்ல. "சுள்ளுங்குதுண்ணா."

"டேய்... உன் பேரையே போட்டுடறேன்டா. சத்தியமா."

"ஒரு டேக் தானேண்ணா. சாகவா போற?"

சுவரிலிருந்து பிளக்கையே இழுத்து எறிந்தான். ஆம்பின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

அவன் இடது கை தானாகப் போய், ஆம்பருகே சாத்தியிருந்த தம்பியின் கிட்டார் கம்பிகளைப் பற்றியது.

வலது கை மைக் ஸ்டாண்டைத் தேடியது.

மறுநாள் கதவை உடைத்தவர்கள் அவன் விரல்களைக் கம்பியிலிருந்து பிரிக்கப் படாதபாடு பட்டார்கள். தரையில் கிடந்த பிளக்குக்குள் எர்த் வயர், அப்போதுதான் வெட்டியதுபோல் பளபளத்தது.

கம்ப்யூட்டரும் ஆம்பும் தம்பி மனைவியிடம் வந்து சேர்ந்தன. அண்ணன் கடைசியாகப் பதிந்ததை அவள் மகளுக்குப் போட்டுக் காட்டினாள். துளி இரைச்சல் இல்லை. முடியும் இடத்தில் ஒரு குரல் மட்டும்: "இப்ப இரைச்சல் போச்சு பாரு."

"அப்பா!" என்று சிரித்தது குழந்தை.

அந்த ஆம்ப் இன்றும் அவள் வீட்டு மூலையில், எதிலும் செருகப்படாமல் கிடக்கிறது. குழந்தை பக்கத்தில் வந்தால் சிவப்பு விளக்கு எரியும். பெட்டியில் காதை ஒட்டிக் கேட்டால், உள்ளே எங்கோ ஆழத்தில் ஒருவன் "விட்டுடுடா, விட்டுடுடா" என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறான்.

உங்கள் வீட்டு வயரெல்லாம் மண்ணைத் தொட்டே இருக்கட்டும், கண்ணுகளா. கூடப்பிறந்தவனின் சத்தத்தைத் திருடாத பிள்ளைகளால் உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.