நடுவில் விடுபட்ட மாடு

கரண்ட் இருந்தது. மின்விசிறி மட்டும் நின்றிருந்தது. பொழுது சாய்ந்தும் தணியாத சித்திரை வெக்கையில், ஜன்னலை இறுகச் சாத்தி, வியர்வையும் பழைய துணியும் சேர்ந்து நாறும் அந்த அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ராபின்.

"காத்து பட்டா தொண்டையை என்னமோ பண்ணுது லிடியா," என்றான்.

நல்ல கூத்து என்று நினைத்தபடி அவன் மனைவி காப்பியைப் பக்கத்தில் வைத்தாள். நாளெல்லாம் கால்நடை ஆய்வுக்கூடத்தில் நின்ற கால் கடுத்தது. வெறிநாய் கடித்துச் செத்த மாடுகளின் மூளையிலிருந்து வைரஸை எடுத்து, மரபணுவை ஒப்பிட்டு, நோய் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் ஆண்டனிராஜ்.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சு. வடமதுரை மாட்டுல இருந்த வைரஸ்தான் கொஞ்சம் மாறி வத்தலக்குண்டு வரைக்கும் போயிருக்கு. ஆனா நடுவுல ஒரு படி இல்லக்கா. திண்டுக்கல்லுல ஏதோ மாடு செத்திருக்கணும். யாரோ நமக்குச் சொல்லல."

"எந்தக் கிறுக்கன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

மாசியில் அவள் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தபோது, இதே திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டு மாடு செத்தது. எச்சில் ஒழுக ஒரே கத்து, தொண்டையில கிழங்கு சிக்கிருச்சு என்றான் ராபின். அவள் வருவதற்குள் புதைத்தும்விட்டான். தினமும் வெறிநோயோடு மாரடிக்கிறவள், அதைப் போய் நம்பினாள்.

போனை வைத்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அன்னைக்கு மாட்டு வாய்க்குள்ள கையை விட்டீங்களா?"

"விடாம? முழங்கை வரைக்கும் விட்டுத் தேடுனேன். பல்லு கீறுனதுதான் மிச்சம்."

அன்றைக்கே ஊசி போட்டிருக்க வேண்டும். காற்றுக்கே தொண்டை இழுக்க ஆரம்பித்தபின் எந்த ஊசியும் அவனைக் காப்பாற்றாது.

"தாகமா இருக்கு," என்று டம்ளரை எடுத்தான். உதட்டருகே வந்ததும் கழுத்து வெட்டி இழுத்தது. டம்ளர் சுவரில் போய் மோதியது. பின்னாலேயே அவன் தலை. மறுபடி. மறுபடி. சுண்ணாம்பில் ரத்தம். தொண்டையிலிருந்து வந்தது மனுஷக் குரல் இல்லை.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் புருஷனாயிற்றே. மண்டை உடையாமலிருக்க, சுவருக்கும் அவன் முகத்துக்கும் நடுவே கையைக் கொடுத்தாள்.

பற்கள் இறங்கின.

இழுத்தாள். வரவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. எலும்பு நெரிந்தது. நுரை. ரத்தம். அவள் விரல்கள். அதற்கு மேலே ராபினின் கண்கள், முழு நினைவோடு, அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தன.