417-ஆம் பெட்டி பேசுகிறது

செல்போன் ஒலித்தது.

'பெட்டி 417 இணைந்தது. பழைய பதிவுகள் ஏறுகின்றன: 3%.'

இளம்பரிதி காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தான்.

417... மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது?

கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்தே இயக்கும் பெட்டிகளைத் தருமபுரியில் தயாரிப்பவன் அவன். ஏழு மாதங்களுக்கு முன், மாரண்டஹள்ளியில், நிறுத்தி வைத்திருந்த மோட்டாரை 417 தானாகவே ஓடவிட்டது. அந்த மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் இன்னாசிராஜ் பிணமானான். அவனேதான் போனை அமுக்கிவிட்டான் என்றும், பெட்டி திருடுபோய்விட்டது என்றும் போலீசில் சாதித்தான் இளம்பரிதி.

உண்மை பெட்டிக்குள் பதிந்திருந்தது. சர்வரில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது.

சோதனைப் பிரிவுக்கு ஓடினான். பெட்டிகளே இல்லாமல், ஐந்நூறு பெட்டிகள் பேசுவதுபோல் சர்வருக்குத் தகவல் அனுப்பி மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தாள் சகாயராணி. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்.

"ராணி, 417 உன் சிமுலேட்டர் வேலையா?"

"நம்மளுது எல்லாம் ஒம்பதாயிரத்துக்கு மேல நம்பருங்க சார். இது நெசப் பெட்டி."

"சர்வரை நிறுத்து."

"நிறுத்துனா நாலாயிரம் தோட்டத்துல மோட்டாரு நின்னுடுங்களே. பெட்டியில பேட்டரியக் கழட்டுனாத்தான் ஆவும். எங்க இருக்குதுங்க சார்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

19%.

கார் காரிமங்கலம் நோக்கிப் பறந்தது.

பேட்டரியைக் கழற்றினேனா? நினைவில்லை. அன்றைக்கே எரித்திருக்கலாம்... ஆனால், பழுதான பெட்டி எதையும் அவன் எறிந்ததில்லை. பிழை எங்கே என்று காணாமல் அடுத்ததைச் செய்ய மாட்டான். தொழில் சுத்தம்.

64%. அவனுடைய மாந்தோப்பு. மண்வெட்டி.

88%. பாலிதீன் உறை தட்டுப்பட்டது. கிழித்தான். மூடியைத் திறந்தான்.

பேட்டரி இல்லை.

அதன் இடத்தில் வெற்றுக் குழி. கறுத்துப்போன கம்பிகள்.

செல்போன் ஒலித்தது. 'பெட்டி 417: 100%.'

"அதை அப்படியே எங்கிட்டக் குடுத்துடுங்க."

காரைத் தொடர்ந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் யுவராணி. அவருக்குப் பின்னால், லேப்டாப்புடன் சகாயராணி.

"பெட்டி செத்துக் கெடக்கு... அப்ப பேசுனது யாரு?" என்றான் இளம்பரிதி.

"நாந்தாங்க சார். சிமுலேட்டர்ல நம்பர மாத்த ஒரு நிமிஷந்தான் ஆச்சு. கவனமில்லாம செத்தான்னு எங்கண்ணன் மேல எழுதி வெச்சீங்களே... அதை மாத்தத்தான் நாலு மாசம் ஆயிப்போச்சு."

இன்னாசிராஜின் தங்கை!

இளம்பரிதியின் கையிலிருந்து பெட்டியை யுவராணி பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

"வேலைக்குச் சேந்தப்ப ஒரு வார்த்தை சொல்லலியே..."

"பயோடேட்டாவுல ஊரு, அப்பா பேரு எல்லாம் இருந்துச்சுங்க சார். நீங்கதான் டெஸ்ட் பண்ணாம எடுத்துக்கிட்டீங்க."