முன்சக்கரங்கள் இரண்டைக் காணோம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கலிபாவின் வீட்டுக் கதவை ஒருவன் தட்டவில்லை, இடித்தான். திறந்து பார்த்தால் கையில் வீல் ஸ்பேனர், தலையில் காயாத குளியல் ஈரம், ஒன்று தள்ளி ஒன்றாக மாட்டிய சட்டைப் பொத்தான்.

"அக்கா! என் வண்டியோட முன்சக்கரம் ரெண்டையும் களவாடிட்டாங்க! ரெண்டு மணிக்கு மலைப் பந்தயம்!"

கலிபா முப்பது ஆண்டுகள் எங்கள் ஊரான பிஷ்கெக்கில் விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பரிசோதித்து, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தப் பங்கையும் சேர்த்து அவசரப்படுவதற்கு சேயித் இருந்தான். நாற்பத்தைந்து வயது டாக்ஸிக்காரன், ஞாயிறுதோறும் அவரைச் சந்தைக்கு அழைத்துப் போக வருபவன். அப்போதும் மேஜையில் உட்கார்ந்து பொரித்த ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான்.

"சக்கரத் திருட்டா! கும்பல் வேலைக்கா இது!" என்று எழுந்தே விட்டான்.

"ரொட்டிய முழுங்கிட்டுப் பேசு," என்றார் கலிபா. "தாலாய், நீ உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு."

தாலாய் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன். மயிரிழை அளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கை. ஜப்பானிலிருந்து வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம், ஜப்பான் வண்டிகளுக்கு வலப்பக்கம். அவனுடையதும் வலப்பக்கம்தான்.

"மலை இறக்கத்துல பழைய பிரேக் சூடாகிக் கைவிட்டுடும்கா. அதனால பழைய வண்டி உடைக்கிற இடத்துல, ஜெர்மனிலேர்ந்து வந்த பெரிய கார் ஒண்ணுலேர்ந்து, சக்கரத்த இறுக்கிப் பிடிக்கற பெரிய காலிப்பர் ரெண்டு நானே கழட்டிட்டு வந்தேன். டிரைவர் பக்கத்துதுக்குச் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வச்சு, ஒரு தப்பு வராம மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ரினாத் பெடல் மிதிச்சான், நான் பிரேக் எண்ணெய்ல நிக்கற காத்த எடுத்தேன். அப்பவே அவன் முகம் சரியில்ல."

"ஏன்?"

"பொறாமைதான்! அவனும் இன்னைக்கு ஓட்டறான். 'பெடல் பஞ்சு மாதிரி இருக்குடா'ன்னான். புது பிரேக், பழகட்டும்னேன். இன்னைக்கு ஆறு மணிக்குப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போய்ட்டு ஏழரைக்கு வந்தா, வண்டி மரக்கட்டைல நிக்குது. தெருக்கதவு பூட்டினது பூட்டினபடி. திறந்திருந்தது ரினாத் வீட்டுப் பக்கத்துச் சின்னக் கதவு மட்டும்தான். நடுத்தெருவுல வச்சு அவனத் திருடன்னு சொல்லிட்டேன். பன்னெண்டு மணிக்குள்ள சக்கரம் வரலேன்னா போலீஸ்தான்."

"எத்தனை வருஷ சிநேகிதம்?"

தாலாய் தலை குனிந்தான். "இருபத்தாறு. ஒரே பெஞ்சு."

கலிபா மேலங்கியை எடுத்துக்கொண்டார்.

தாலாயின் வீட்டு முற்றத்தில் வாதுமை மரத்து இலைகள் கிழிந்து கிடந்தன. சனிக்கிழமை மதியம் ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்திருந்தது. தகரக் கொட்டகையின் கீழ் நின்ற நீலக் காருக்கு முன்பக்கம் சக்கரம் இல்லை. சிவப்புச் சாயம் பூசிய பெரிய காலிப்பர்கள் இரண்டும் பளபளவென்று வெளியே தெரிந்தன.

"எவ்வளவு துணிச்சல் பாருங்க!" என்றான் சேயித்.

"எவ்வளவு பதவிசு பாரு," என்றார் கலிபா. சக்கரத்தின் நட்டுகள் பத்தும் ஒரு தேநீர்க் கிண்ணத்தில் இருந்தன, மேலே தூசி விழாமல் ஒரு கைத்துணி. மரக்கட்டைகள் சரியாக வண்டியின் பலமான இடம் பார்த்து வைக்கப்பட்டிருந்தன.

"தாலாய், சக்கரத்த விட இந்தப் பிரேக்குக்குத்தானே மவுசு அதிகம்?"

"பின்ன! நாலு வருஷமா தேடிக் கிடைச்சதுக்கா."

"அதத் தொடவே இல்லையே உன் திருடன்." கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நேத்து மழைல வண்டிய யாரு கொட்டகைக்குள்ள விட்டது? நீயா?"

"நான் வேலைல இருந்தேன். வெளில நின்ன வண்டி, சாயங்காலம் வந்து பாத்தா உள்ள நிக்குது. சாவி ஆணில தொங்கும். ரினாத்தான் விட்டிருப்பான், வேற யாரு? அப்புறம் நான் வண்டியத் தொடவே இல்ல."

"இன்னொரு சாவி?"

"என் இடுப்புலயே இருக்கு."

"சேயித், உள்ள உட்காரு."

சேயித் உட்கார முயன்றான். தொப்பை ஸ்டீயரிங்கில் இடித்தது, முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது, பாதி உடம்பு வெளியிலேயே நின்றது. "அக்கா, இது வண்டியா, எலிப்பொறியா?"

"அப்படியே பெடல மிதி."

"மிதிக்கறேன்... அட, போகுதே! கீழ வரைக்கும் போகுது! மறுபடி மிதிச்சா நிக்குது. கால அழுத்தியே வச்சா மெல்ல இறங்குது."

தாலாய் கைவீசினான். "ரெண்டு மிதி மிதிச்சா சரியாப் போயிடும். நேத்து ராத்திரி சாப்பாட்டுல எங்கம்மாகூட ரெண்டு தடவ, 'பிரேக்க இன்னொரு தடவ பாருடா'ன்னு நச்சரிச்சாங்க. அவங்களுக்கு பிரேக் எது, ஹாரன் எதுன்னே தெரியாது!"

கலிபா வலப்பக்கக் காலிப்பரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழாயில் இன்னும் கட்டியிருந்த சிவப்புத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அடியில் தடவிப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"ஒரு கிண்ணம் தேநீர் கிடைக்குமா?" என்றார்.

"மணி ஒன்பதரைக்கா!" என்று தாலாய் கத்தினான்.

"தெரியும்ப்பா. அதனாலதான் கேக்கறேன்."

உள்ளறையில் தாலாயின் அம்மா விரிப்பைப் போட்டார். தேநீர் ஊற்ற வந்தவள் மைராம், தாலாயின் தம்பி மனைவி. கல்யாணமாகி மூன்று மாதம். குள்ளமான பெண், தலையில் வெள்ளை முக்காடு. கணவன் மலைமேல் சுரங்கத்தில் பதினைந்து நாள் முறை வேலைக்குப் போயிருந்தான். அவள் தாலாயின் கிண்ணத்தை அவனிடம் நீட்டாமல் மாமியாரிடம் கொடுக்க, மாமியார் அவனுக்குக் கொடுத்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கலிபா சுவரோரம் பார்த்தார். அகலமான பெட்டியின் மேல் மைராமின் சீர் மெத்தைகள் கச்சிதமாக அடுக்கியிருந்தன. அடுக்கின் உச்சி, சுவரில் மாட்டிய முகக்கண்ணாடியில் பாதியை மறைத்திருந்தது.

"பொண்ணே, எந்த ஊரு?"

"நாரின் பக்கம்," என்று மாமியார் பதில் சொன்னார். "சம்பந்தி வேன் ஓட்டறாரு. கணவாயத் தாண்டி ஆளுங்கள ஏத்திட்டுப் போவாரு."

"தாலாய்," என்றார் கலிபா கிண்ணத்தை வைத்துவிட்டு, "ரினாத்தக் கூப்பிடு."

"அவனையா! என் வீட்டுக்குள்ளயா!"

"சக்கரம் வேணுமா, வேண்டாமா?"

ரினாத் வந்தான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரும் உயரம். "திருடன் வந்துட்டேன். விலங்கு எங்கடா?" என்றான் தாலாயைப் பார்த்து.

எல்லோரும் முற்றத்தில் காரைச் சுற்றி நின்றார்கள். சேயித் ஒரு காலில் நிற்க முடியாமல் மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருந்தான்.

"திருடன் பொருளுக்காக வந்திருந்தா பிரேக்கக் கழட்டியிருப்பான்," என்று கலிபா ஆரம்பித்தார். "பந்தயத்தக் கெடுக்க வந்திருந்தா டயரக் கிழிச்சா போதும். நட்ட எடுத்துக் கிண்ணத்துல போட்டுத் துணி மூட மாட்டான். வந்த ஆளு, இந்த வண்டிக்கு ஒரு கீறல் விழக் கூடாதுன்னு நெனச்ச ஆளு. வண்டி நகரக் கூடாது, அவ்வளவுதான். சாவிய ஒளிச்சுப் பிரயோஜனம் இல்ல, இன்னொண்ணு தாலாய் இடுப்புல."

"ஏன் நகரக் கூடாது?" என்றான் தாலாய்.

"பெடல் இறங்குதே, அதனால. சமதரைல ரெண்டு மிதில சமாளிச்சுடுவ. மலை இறக்கத்துல, பிரேக் கொதிக்கறப்போ, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. அங்க ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்காதுப்பா. அப்படி வந்த வண்டிங்கள நான் முப்பது வருஷம் பாத்திருக்கேன்."

தாலாயின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ ரினாத் என் பிரேக்க..."

"ரினாத் ஒண்ணும் பண்ணல. இந்தச் சிவப்புத் துணி எதுக்கு?"

"டிரைவர் பக்கம்னு அடையாளம். சொன்னேனே."

"அந்தப் பழைய கார் ஜெர்மனிலேர்ந்து வந்தது. அதுல டிரைவர் எந்தப் பக்கம் உட்காருவான்?"

தாலாய் பதில் சொல்ல வாயைத் திறந்தான். கண் சிவப்புத் துணிக்குப் போயிற்று, அங்கிருந்து தன் ஸ்டீயரிங்குக்கு, மறுபடி துணிக்கு.

"இடப்பக்கம்," என்றான் கடைசியில்.

"இடப்பக்கத்தது வலப்பக்கம் வந்துடுச்சு, வலது இடதுக்குப் போச்சு. போல்ட் பொருந்தும், சக்கரம் சுத்தும், எல்லாம் சரியாவே தெரியும். ஆனா காத்து எடுக்கற திருகு மேல இருக்கணும். உனக்குக் கீழ இருக்கு, தொட்டுப் பாரு. காத்து மேலதான் நிக்கும். நீ ராப்பகலா எடுத்தாலும் வராது."

"கடவுளே!" என்று சேயித் தொடையில் அடித்துக்கொண்டான். "அப்போ சக்கரத்த எடுத்தது?"

"சீட்டப் பாரு. நீ உட்கார முடியலையே! நேத்து மழைல வண்டிய உள்ள விட்டவங்க சீட்ட முழுக்க முன்னால இழுத்திருக்காங்க. ரினாத் உட்கார்ந்தா முழங்கால் மோவாய இடிக்கும். குள்ளமான ஆளு, அப்பாவோட வேன்ல ஓட்டவும் சக்கரம் கழட்டவும் பழகின ஆளு. உள்ள விடறப்போ பெடல் இறங்கறதக் கால்ல உணர்ந்த ஆளு. மலைப்பாதைல பிரேக் போனா என்ன ஆகும்னு சின்ன வயசுலேர்ந்து பாத்த ஆளு. அத நேராச் சொல்ல முடியல. புருஷனோட அண்ணன் முன்னால வாயத் திறக்கக் கூடாது, அவரு சீட்டுல உட்காரவே கூடாது. உட்கார்ந்தாச்சு! இதுல அவரு வேலைல குத்தம் வேற சொல்றதா? அதனால மாமியார் வாய் வழியா ரெண்டு தடவ சொல்லிப் பாத்தா. கேட்டியா நீ?"

எல்லோரும் திரும்பினார்கள். மைராம் கதவோரம் முக்காட்டின் நுனியைப் பிடித்தபடி நின்றாள்.

"சக்கரம் சீர் மெத்தைக்கு அடியில இருக்கு," என்றார் கலிபா. "கண்ணாடியில பாதிய மறைக்கற மாதிரி எந்தப் பொண்ணும் அடுக்க மாட்டா. ஆனா புது மருமக அடுக்க யாரும் தொடவும் மாட்டாங்க."

மைராம் மாமியாரிடம் மெல்லச் சொன்னாள். "அத்தை, பெரியவர்கிட்ட சொல்லுங்க... தப்புதான். சீட்டுல உட்கார்ந்தது தப்பு. ஆனா எங்க சித்தப்பா இப்படித்தான் கணவாய்ல போனாரு. இன்னொரு சாவக் கையக் கட்டிட்டுப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

மூன்றடி தூரத்தில் நின்ற தாலாய்க்கு எல்லாம் கேட்டது. இருந்தாலும் மாமியார் அவன் பக்கம் திரும்பி, கண்ணீரோடு, வார்த்தை பிசகாமல் அத்தனையையும் திருப்பிச் சொன்னார்.

தாலாயின் காது சிவந்துவிட்டது. அவனுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாக உயிரோடு இருப்பது சந்தோஷமாக இருந்தது. நேரே ரினாத்திடம் போனான். "என்ன அடிடா."

"பந்தயத்துல அடிக்கறேன். இப்போ ஸ்பேனர எடு," என்றான் ரினாத். "மணி பத்து. மாத்திடலாம்."

அதற்குப் பிறகு முற்றம் திருவிழா ஆனது. சேயித் சக்கரங்களை உருட்டி வந்து தன் காலிலேயே ஏற்றிக்கொண்டான். ரினாத் இடப்பக்கம், தாலாய் வலப்பக்கம். காலிப்பர்கள் இடம் மாறின, திருகுகள் மேலே வந்தன. காற்று எடுக்க வேண்டிய நேரம் வந்ததும் தாலாய் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா," என்றான், "பெடல் மிதிக்க வரச் சொல்லுங்க. என் சீட்டுல உட்காரச் சொல்லுங்க. சீட்ட அவளுக்குத் தோதா இழுத்துக்கட்டும்."

மைராம் உட்கார்ந்தாள். குழாயில் காற்று கொப்புளம் கொப்புளமாக வந்தது, பிறகு நின்றது. அவள் கடைசியாக ஒருமுறை அழுத்திப் பார்த்து, கதவோரம் நின்ற மாமியாரிடம், "கல்லு மாதிரி நிக்குதுன்னு சொல்லுங்க அத்தை," என்றாள். அவள் சிரித்ததை அன்றுதான் அந்த வீட்டில் முதலில் பார்த்தார்கள்.

தெருவை நாலு சுற்று சுற்றி, புது பிரேக்கைப் பழக்கிக்கொண்டு, ஒன்றேமுக்காலுக்குப் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் போய் நின்றார்கள். தாலாயின் அம்மாவையும் மைராமையும் ஏற்றிக்கொண்டு கலிபாவும் சேயித்தும் டாக்ஸியில் பின்னாலேயே வந்தார்கள். பந்தய விதிப்படி பக்கத்து இருக்கையில் வழி பார்க்க ஓர் ஆள் வேண்டும். தாலாய் அம்மாவைத்தான் பார்த்தான். "வர்றாளான்னு கேளுங்கம்மா." அம்மா கேட்கவே இல்லை, மருமகளின் கையில் தலைக்கவசத்தைத் திணித்தார்.

மலை ஏறி இறங்கிய கதையை தாலாய் எங்கள் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. ரினாத் முதலாவது, தாலாய் நான்காவது. அதை மட்டும் அவன் சொல்லவே மாட்டான். அவன் சொல்வதெல்லாம் இறக்கத்தில் ஏழாவது வளைவைப் பற்றித்தான். கீழே ஆறு இரைந்தது. பெடலை மிதித்தான், கார் சொன்னபடி கேட்டது. அடுத்த வளைவு பாறைக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்த வண்டிக்கு இருக்கை இரண்டே. சொல்லி அனுப்ப மாமியார் இல்லை.

இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல் முதல்முறையாக நேரே அவனிடம் பேசியது.

"பெரியத்தான், இதுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடியே மிதிங்க!"

மிதித்தான்.